மிச்சமில்லாத எட்டு எண்கள்

பெல்ட் வெளியே வந்ததில் குறையில்லை. திரும்பிப் போனதில்தான் ஏதோ சரியில்லை.

பழைய கார் வாங்கப் போனால் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று ஹேரிம் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்முனையைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. சேறு அங்கே காய்ந்து கிடக்கும். அவள் இழுத்தாள். இவ்வளவு சின்னக் காருக்குள் இவ்வளவு நீளம் எங்கே சுருண்டு கிடந்தது என்று தோன்றுமளவுக்குச் சாம்பல் நிறப் பட்டை வந்துகொண்டே இருந்தது. சேறு இல்லை. கறை இல்லை. விட்டாள். சரேலென்று உள்ளே ஓட வேண்டிய பட்டை ஒரு சாண் போனது, நின்றது. இன்னொரு சாண் போனது, நின்றது. உள்ளே யாரோ கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொள்வதைப் போல.

"ஸ்பிரிங் கொஞ்சம் சோம்பேறி அக்கா," என்றான் விற்பனையாளன் மெங் கிசொப். "என்னை மாதிரி. ஆனா வேலை நடந்துடும்."

தென் கொரியாவின் இஞ்சொன் நகரில் பழைய கார்களுக்கென்றே கட்டிய ஆறு மாடி வளாகம் அது. நான்காவது மாடியில் மட்டும் இருநூறு வண்டிகளாவது இருக்கும், ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகும் அளவுக்கு நெருக்கமாக. சனிக்கிழமை மதியம்தான், ஆனால் மூன்று நாளாக விடாத மழையில் வெளிச்சம் கழுவிய அரிசித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. டயர் நாற்றம், மெழுகு நாற்றம். இந்த வெள்ளைக் காருக்குள் மட்டும் பைன் மர வாசனைத் திரவம் மூக்கைக் குத்தியது. அதற்கு அடியில், நெடுநாள் மூடியிருந்த கிணற்றைத் திறந்தாற்போல ஒரு குளிர்ந்த வாடை.

"இது தண்ணில நின்ன வண்டியா?"

"ஐயோ, பரிசோதனைத் தாளைப் பாருங்க. சுத்தம். இந்த வளாகத்துக்கே பேஸ்மென்ட் கிடையாது. இங்க வெள்ளம் வரணும்னா கடலே மாடி ஏறி வரணும்."

"சொன்ன விலை ரொம்பக் கம்மியா இருக்கே."

"கம்மியா இருந்தாலும் சண்டை, ஜாஸ்தியா இருந்தாலும் சண்டை. நான் என்னதான் பண்ணட்டும்?"

அவள் சிரிக்கவில்லை. ஒன்பது வருடம் பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தவள். முழங்கால்கள் போய்விட்டன. தூக்கம் அதற்கு முன்பே போய்விட்டது. வியாழக்கிழமை வேலையை விட்டாள். திங்கட்கிழமை முதல் வேறு வேலை. நடக்க முடியாத முதியவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்ட வேண்டும். பகல் வேலை. எல்லாம் பஸ் எட்டிப் பார்க்காத ஊர்கள். கார் இல்லையென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாக மேலாளர் சொல்லிவிட்டார். இன்று வாங்கினால் பகல். வாங்காவிட்டால் மறுபடி கிடங்கு, அவர்கள் சேர்த்துக்கொண்டால்.

முன் கண்ணாடிக்குக் கீழே நம்பர் பட்டை இருந்தது. வண்டி யாருக்காவது இடைஞ்சலாக நின்றால் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண். இந்த ஊரில் எல்லா வண்டியிலும் இருப்பதுதான். காந்தத்தில் ஒட்டும் வெள்ளை எண்கள், பழைய சொந்தக்காரருடையவை, இன்னும் அப்படியே இருந்தன.

"உங்க நம்பரை அடுக்கிப் பாருங்களேன்," என்றான் கிசொப். "சும்மாதான். உடனே சொந்த வண்டி மாதிரி தோணும். என் மாமியாருக்கே நான் இப்படித்தான் வித்தேன்."

அவள் அடுக்கினாள். முதல் மூன்று எண்கள் நாட்டில் எல்லோருக்கும் ஒன்றுதான். மீதி எட்டை இடம் மாற்றிக்கொண்டே போனாள். தட், தட் என்று ஒட்டிக்கொண்டன. எட்டாவதை வைத்தபின்தான் கவனித்தாள். வேறு எண் எதுவும் தேவைப்படவில்லை. எதுவும் மிச்சமும் இல்லை. பழைய ஆளின் அதே எட்டு எண்கள், வரிசை மட்டும் வேறு.

கிசொப் தன் போனில் யாருக்கோ வழி சொல்லியபடி தள்ளிப் போயிருந்தான். ஹேரிமின் போன் அடித்தது. தெரியாத எண்.

"வணக்கம்," என்றது ஒரு பெண் குரல். மிக மரியாதையான குரல், தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போல லேசான கரகரப்பு. "அபார்ட்மென்ட் நிர்வாக அலுவலகத்திலிருந்து பேசறோம். பேஸ்மென்ட்ல இருக்கிற உங்க வண்டியைக் கொஞ்சம் எடுத்துடறீங்களா? தண்ணி வர ஆரம்பிச்சிருக்கு."

"தப்பான நம்பர். எனக்குக் கார் இல்ல."

"வெள்ளை வண்டிங்க. கண்ணாடியில இந்த நம்பர்தான் இருக்கு. சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க."

இணைப்பு போனது. அவள் நம்பர் பட்டையைப் பார்த்தாள். வைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கிசொப்பிடம் சொன்னதற்கு அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பக்கத்துக் கடைக்காரனுங்க விளையாட்டு. வேற வேலை இல்ல அவனுங்களுக்கு. எடுத்துக்கறீங்களா? அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் பார்க்க வர்றாங்க."

"சாப்பிட்டு வந்து சொல்றேன்."

தரைத்தளத்துக் கடையில் சூடான கல்குக்சு வந்தது, சிப்பி போட்ட நூடுல்ஸ் சூப். சிப்பிகளை ஓட்டிலிருந்து பிரித்துக்கொண்டே யோசித்தாள். பெல்ட் மெதுவாகப் போனால் என்ன? வாடை அடித்தால் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டலாம். ஒரு போனுக்குப் பயந்து கிடங்குக்குத் திரும்ப முடியுமா? நூடுல்ஸை வாயில் வைத்தபோது போன் அடித்தது.

"வணக்கம். மறுபடி தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். மத்தவங்க எல்லாரும் எடுத்துட்டாங்க. உங்க வண்டி மட்டும்தான் நிக்குது." குரலுக்குப் பின்னால் தண்ணீர் படியிறங்கும் சத்தம். "முட்டி வரைக்கும் வந்தாச்சு. கொஞ்சம் சீக்கிரம்."

"யாருங்க நீங்க?"

"சீக்கிரம் வாங்க. ப்ளீஸ்."

சூப்பில் அதே கிணற்று வாடை. கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

வண்டி வேண்டாம். அது முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை போனால் போகட்டும். ஆனால் அவள் எண் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதைக் கலைத்துவிட வேண்டும். கலைத்துவிட்டு ஓடிவிடலாம்.

நான்கு என்ற சொல் சாவு என்றும் ஒலிக்கும் என்பதால், லிஃப்டில் நான்காவது மாடிக்கு எண்ணுக்குப் பதில் எஃப் என்ற எழுத்துதான் இருந்தது. அழுத்தினாள். மேலே போவதை எண்கள் காட்டின. காதுகள் மட்டும் கீழே இறங்குவது போல அடைத்தன.

கதவு திறந்தது.

இருநூறு வண்டிகளும் இல்லை. வெறும் சிமென்ட் தரை, மஞ்சள் கோடுகள், எல்லாத் திசையிலும் ஈர டயர்த் தடங்கள். கிசொப்பின் மேசையில் காகிதக் கோப்பை, காப்பியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவன் இல்லை. தூரத்தில், நடுவில், வெள்ளைக் கார் மட்டும் நின்றது. மத்தவங்க எல்லாரும் எடுத்துட்டாங்க.

திரும்பி லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. படிக்கட்டுக் கதவைத் தள்ளினாள். மறுபக்கம் கனமான எதுவோ சாய்ந்திருந்தது. கதவின் அடி இடுக்கில் பழுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் காரை நோக்கி நடந்தாள், ஏனென்றால் நடப்பதற்கு வேறு இடம் இல்லை.

கதவைத் திறந்து குனிந்து கை நீட்டினாள். நம்பர் பட்டை எட்டவில்லை. ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அரை நிமிட வேலை. முதல் எண்ணை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. அடுத்ததும். எல்லாம் வளர்ந்த பல் போல ஊன்றியிருந்தன. விரல்நுனி ஈரமாகியது.

வெளியே இருந்த காலில் சில்லென்றது. கணுக்கால் வரை. பார்த்தாள். தரை காய்ந்துதான் இருந்தது. கால் மட்டும் நனைந்திருந்தது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கதவு மூடிக்கொண்டது.

தோளுக்குப் பின்னால் பெல்ட் அசைந்தது. ஒரு சாண் வந்தது. நின்றது. ஒரு சாண். நின்றது. மார்பைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. கிளிக்.

போன் தானாகப் பேசியது. "வந்துட்டீங்களா? ரொம்ப நன்றி."

கண்ணாடிகளுக்கு வெளியே பழுப்புக் கோடு ஒன்று ஏறியது. அவசரமில்லாமல். கைப்பிடி. கண்ணாடி விளிம்பு. அவளது மோவாய். கத்தினாள். மூடிய வண்டிக்குள் கத்தும் சத்தம் வெளியே எவ்வளவு கேட்கும் என்று கிடங்கு லாரிகளில் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டிருந்தாள். கேட்காது.

நெற்றி.

இருட்டு.

பற்றிக்கொள்ள ஒன்றுதான் கிடைத்தது. பெல்ட். அதன் கடைசி முனை. இரண்டு கையாலும் பிடித்தாள். விட்டால் கீழே போய்விடுவாள். கீழே இன்னும் இருந்தது. கீழே வேறு கைகளும் இருந்தன. அவள் கணுக்காலைப் பற்றியிருந்தன.

பிறகு, எவ்வளவு நேரம் கழித்தோ, மேலே மங்கலான வெளிச்சம். குறுகிய பிளவு. பைன் வாசனை.

"முழுசா இழுத்துப் பாருங்கம்மா," என்றது கிசொப்பின் குரல். "ஒரு பொட்டுச் சேறு இருந்தா என் பேரை மாத்திக்கறேன்."

பெல்ட் இழுபட்டது. ஹேரிமின் உள்ளங்கைத் தோல் அதோடு போனது. பிடியை விடவில்லை. மேலே கத்த வாய் திறந்தாள். வாய் முழுக்கச் சேறு. பட்டை தளர்ந்தது. தளர்ந்த உடனே இழுக்காவிட்டால் மூழ்கிவிடுவாள். ஒரு சாண் இழுத்தாள். கை மாற்றினாள். ஒரு சாண் இழுத்தாள். கை மாற்றினாள்.

"இது ஏன் இவ்வளவு மெதுவா போகுது?" இளம்பெண்ணின் குரல்.

"ஸ்பிரிங் கொஞ்சம் சோம்பேறிம்மா. உங்க நம்பரை அடுக்கிப் பாருங்க. சும்மாதான்."

பிறகு அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். "அட, எல்லாம் என் நம்பர்ல இருக்கிற எண்கள்தானே."

தட். தட். தட்.

இருட்டில், பெல்ட்டைப் பிடித்தபடி, ஹேரிம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

எட்டு.