கடை சாத்தியாச்சு, நாளைக்கு வாங்க

ஆறுமுகத்தாய் அத்தைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னது நான் இல்லை. எதிர்வீட்டுச் சீனித்தாய்தான். நான் அதை நாலு வீட்டுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

பின்னே என்ன? தினமும் விடியும் முன்பே எழுந்து, அடுப்படியில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, புரியாத பாஷையில் முணுமுணுத்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்?

உண்மையைக் கண்டுபிடித்தது அத்தையின் தம்பி மகள் செண்பகம். பத்து வயதுதான். நேராக உள்ளே போய்க் கேட்டுவிட்டாள்.

“அத்தை, ஒங்களுக்குப் பேய் பிடிச்சிருக்காமே?”

“பேயுமில்ல, பிசாசுமில்ல. சிங்களம் படிக்கேம்ளா!”

அத்தையின் மகன் செல்வதுரைக்குக் கொழும்பில் பலசரக்குக் கடையில் வேலை. அங்கேயே சோமாவதி என்ற சிங்களப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அவளைக் கப்பலில் இங்கே அழைத்து வருகிறான். கொழும்பில் அவன் ஒரு வீடு பிடிக்கும்வரை அவள் தூத்துக்குடியில் மாமியாருடன் இருப்பதாக ஏற்பாடு. தனியாக இருந்த அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மருமகளுக்குத் தமிழ் தெரியாது.

“வந்து எறங்கினதும் நாலு வார்த்த பேசணும்லா?” என்றார் அத்தை. அவர் கையில் ஒரு பழைய புத்தகம். கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் பையன்கள் சிங்களம் பழகப் படிப்பது, பக்கத்திலேயே தமிழில் அர்த்தம் போட்டிருக்கும். செல்வதுரை படித்துவிட்டுப் போட்டுப்போனது.

செண்பகம் பக்கங்களைப் புரட்டினாள். ‘இது நல்ல அரிசி. தராசு சரியாக இருக்கிறது. விலை குறையாது.’

“அத்தை, இதுல எல்லாமே யாவாரப் பேச்சால்லா இருக்கு?”

“பேச்சு பேச்சுதானளா. கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னா வச்சிருக்கப் போறாக?”

அத்தை படித்த விதத்தையும் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு ஒப்பிப்பது போலத்தான் ஒப்பிப்பார். தொடங்கினால் முடிக்காமல் வாய் நிற்காது.

சோமாவதி வந்த அன்று தெருப் பெண்கள் எல்லோரும் தற்செயலாக ஒரே நேரத்தில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தோம். வண்டி வந்து நின்றது. அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தார்.

புத்தகம் முழுவதிலும் ‘வாங்க’ என்ற சொல் ஒரே ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது. அதுவும் கடைசியில். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லத்தான் அத்தை நினைத்திருந்தார். ஆனால் பதற்றத்தில் வாய் அந்த வாக்கியம் முழுவதையும் கடகடவென்று ஒப்பித்துவிட்டது. அதற்கு அர்த்தம் இதுதான்:

“கடை சாத்தியாச்சு. நாளைக்கு வாங்க!”

வாசல்படிக்கு மேலே தூக்கிய சோமாவதியின் வலதுகால் அப்படியே நின்றது.

செல்வதுரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “யம்மா, மருமகள வாசல்லயே தொரத்துதீயளே!”

அவன் அதை எங்களுக்கும் விளக்கிச் சொன்னான். தெருவே சிரித்தது. நான்கூடக் கொஞ்சம் சிரித்தேன். அத்தையின் முகம் வாடிவிட்டது. தன்னைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சோமாவதியும் தலை குனிந்தாள்.

புத்தகம் அன்றே பரணுக்குப் போனது. அதன் பிறகு அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. நன்றாகக் காது கொடுத்துக் கேட்டவள் சொல்கிறேன்.

நாலைந்து நாள் கழித்துச் செல்வதுரை மெதுவாகச் சொன்னான். “யம்மா, வெள்ளிக்கெழம கப்பல்ல அவளும் திரும்பி வாராளாம். இங்கன யார்கிட்டப் பேசன்னு கேக்கா.”

“அதுக்கென்ன, கூட்டிட்டுப் போ” என்ற அத்தை அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்கு, வெங்காயம் உரிப்பதாகச் சொன்னார். வீட்டில் அன்று வெங்காயமே இல்லை.

அதைப் பார்த்தது செண்பகம். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னிடம்கூட!

மறுநாள் காலை புறவாசலில் ஒரு கடை முளைத்திருந்தது. கிளிஞ்சல்தான் அரிசி. கடற்கரை மணல்தான் சர்க்கரை. இரண்டு சிரட்டைகளைக் கயிற்றில் கட்டித் தராசு.

“அத்தை, நீங்கதான் மொதலாளி. உக்காருங்க.”

“போளா, எனக்கு வேலையிருக்கு.”

“மொதலாளிக்கு உக்காருததுதான் வேல!”

அத்தை உட்கார்ந்தார். செண்பகம் உள்ளே ஓடிச் சோமாவதியின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். ஓர் ஓலைப்பெட்டியைக் கொடுத்துக் கிளிஞ்சலைக் காட்டினாள்.

சோமாவதி கடையைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். உதட்டில் சின்னச் சிரிப்பு வந்தது.

“மேக கீயத?” என்றாள். இது என்ன விலை என்று அர்த்தம்.

அத்தையின் வாய் அத்தையிடம் அனுமதி கேட்கவில்லை. “இது நல்ல அரிசி!” என்று சிங்களத்தில் பட்டென்று சொன்னது.

“விலை அதிகம். குறையுங்கள்.”

“விலை குறையாது!”

புறவாசலில் நின்ற செல்வதுரை செண்பகத்துக்கு ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

சோமாவதி பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு கடைக்குப் போகிறவள் போல முகத்தைத் திருப்பி நடந்தாள். பேரம் பேசுகிறவர்கள் எல்லோரும் செய்கிறதுதான்.

அத்தைக்கு மட்டும் அது விளையாட்டாகத் தெரியவில்லை. எழுந்து ஓடி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். சிங்களம் எல்லாம் எங்கோ பறந்துவிட்டது.

“போகாத தாயி! எல்லாத்தையும் எடுத்துக்கோ. போகாத!”

இதற்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சோமாவதி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, இப்ப மதினி மொதலாளி” என்றாள் செண்பகம். “இனிமே தமிழ்லதான் விக்கணும்!”

வெள்ளிக்கிழமை செல்வதுரை மட்டும்தான் படகில் ஏறினான். கப்பல் தூரத்தில் நின்றது; அதுவரை படகில்தான் போக வேண்டும். வழியனுப்ப நாங்கள் எல்லோரும் கரைக்குப் போயிருந்தோம்.

“யம்மா! போயிட்டு வாரேன்! சோமா! போயிட்டு வாரேன்!” என்று அவன் படகிலிருந்து கத்தினான். துண்டை எடுத்து வீசினான்.

இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. மாமியாரும் மருமகளும் மீன்காரர் ரோச் அண்ணாச்சியின் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“கொறைங்க அண்ணாச்சி!” என்றாள் சோமாவதி தமிழில்.

“நல்லாக் கேளு தாயி, விட்டுராத!” என்றார் அத்தை.

பாவம் என்று செண்பகம் மட்டும் இரண்டு கையையும் ஆட்டி அவனை வழியனுப்பினாள்.