ஒரு ஓட்டைகூட இல்லாத ஸ்டேஷன்

ஸ்வாதிக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு காதும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தன.

காரணம், மேசைமேல் இருந்த சுரங்க ரயில் நிலையம். மறுநாள் பள்ளிக் கண்காட்சி. சென்னையில் மெட்ரோ வேலை அப்போதுதான் தொடங்கியிருந்ததால், ஆறாம் வகுப்புக்கு அதுவே தலைப்பு. ஸ்வாதியும் தோழி பொன்னியும் மூன்று வாரம் அட்டை வெட்டி, பசையில் விரல்கள் ஒட்டிக்கொள்ளக் கட்டிய நிலையம் அது.

நேற்று ஸ்வாதி பாட்டு வகுப்புக்குப் போயிருந்தபோது, அப்பா லட்சுமணன் அதைச் 'சரி' செய்துவிட்டார்.

அப்பாவுக்குக் கல்பாக்கம் அணு உலையில் வேலை. எதுவும் எங்கேயும் கசியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் தொழில். வீட்டுக் குழாய் சொட்டினால்கூட அவருக்குத் தூக்கம் வராது. அட்டைக் கூரையில் பத்து ஓட்டைகளைக் கண்டால் கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் அடைத்தார். சுவரை இரட்டிப்பாக்கினார். முன்பக்கம் கண்ணாடி பதித்து, வாசலுக்கு ரப்பர் பட்டை ஒட்டிய கதவும் வைத்தார்.

"இனிமே துளி காத்துகூட வெளிய போகாது," என்றார் பெருமையாக.

பொன்னி வந்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். மீனவக் குப்பத்துப் பெண். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள்.

"இன்னாடி இது, ஸ்டேஷனா, ஊறுகா ஜாடியா?"

ஸ்வாதி அழவில்லை. அழுதால் கோபம் கரைந்துவிடுமே என்று பயம். அப்பாவிடம் பேசுவதை மட்டும் நிறுத்தினாள். இட்லி சாப்பிடும்போது, எதிரே இருப்பவரைச் சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஓட்டைகளுக்காக அவள் நூலகத்தில் எவ்வளவு படித்திருந்தாள்! லண்டனில் 1863-இல் ஓடிய முதல் சுரங்க ரயிலை நிலக்கரி இன்ஜின்தான் இழுத்தது. நிலத்துக்கு அடியில் புகை. ஜனங்கள் இருமித் தள்ளினார்கள். அதனால் புகை வெளியேற அங்கங்கே மேலே திறந்துவிட்டார்கள். மின்சார ரயில் வந்த பிறகும் காற்று வந்துபோக வழி வேண்டியிருக்கிறது.

இதைக் கத்திச் சொல்லலாம். கத்தினால் காதுதான் இன்னும் சிவக்கும். ஸ்வாதி யோசித்தாள். அம்மாவிடம் ஒரு ஊதுபத்தி கொளுத்தி வாங்கி, தகர டப்பாவில் செய்திருந்த இன்ஜினில் செருகி, நிலையத்துக்குள் தள்ளிக் கதவை மூடினாள்.

"கண்ணாடி வழியா கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா."

அப்பா குனிந்தார். முதலில் படிக்கட்டு மறைந்தது. பிறகு பெஞ்சு. பிறகு பொன்னி களிமண்ணில் செய்த பயணிகள். கடைசியில் ஊதுபத்தியே மூச்சுமுட்டி அணைந்தது.

"அல்லாரும் அவுட்டு," என்றாள் பொன்னி.

அப்பா மெதுவாக நிமிர்ந்தார். ஒன்று கசியவில்லையே என்று அவர் வெட்கப்பட்டது அதுவே முதல் முறை.

"உன்னைக் கேட்டிருக்கணும் நான்," என்று அட்டை வெட்டும் கத்தியை ஸ்வாதியிடம் நீட்டினார்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஸ்வாதி கட்டிய படிக்கட்டு நேராகச் சுவரில் போய் முட்டியது. நேற்று மற்ற வேலைகளோடு அதை வாசல்வரை திருப்பிவிட்டவர் அவர்தான். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று சட்டமில்லை.

"கூரை ஆடாம புடிச்சுக்கோங்க. வேற எதையும் தொடக் கூடாது."

அப்பா பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஓட்டைக்கும் கண்ணை இறுக மூடினார், ஊசி போட்டுக்கொள்பவர்போல.

ஏழாவது முடிந்ததும் மெதுவாகக் கேட்டார். "கோபம் போயிடுச்சா?"

"இன்னும் மூணு ஓட்டை இருக்குப்பா," என்றாள் ஸ்வாதி.