குழந்தையை வாங்கிக்கொண்டவள்

கப்பல் ஏற வேண்டிய சரக்கு சனிக்கிழமை இரவுதான் பனியன் கம்பெனியை விட்டுப் போனது. மறுநாளே டெய்லர்களையெல்லாம் பேருந்தில் ஏற்றிப் பழைய ரயில் ஒன்றைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். திருப்பூருக்கு வெளியே, மூடிக் கிடந்த பஞ்சாலை ஒன்றின் வளாகத்தில் நீராவி எஞ்சினும் நான்கு பெட்டிகளும் புதுப்பித்து நிறுத்தப்பட்டிருந்தன. 2006, மே மாதம்.

அனுசுயாவுக்கு எதையும் பார்க்கத் தெம்பில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். புருஷன் வெளியூர் லாரியில் போயிருந்தான். ஒரு வாரமாக இரவும் பகலும் தைத்ததில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தியது. மூன்று வயது மகள் ஜோதிகாவோ இடுப்பை விட்டு இறங்க மறுத்தாள்.

எல்லோரும் எஞ்சினைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கடைசிப் பெட்டியில் ஏறினாள். மர இருக்கைகள். புது வார்னிஷ் வாசனை. அதற்கு அடியில் பழைய கரிப்புகையின் வாசனை. வெளியே கேட்ட சத்தம் வாசலோடு நின்றுவிட்டது. உட்கார்ந்தவுடன் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. குழந்தை மடியில் நெளிந்து சிணுங்கியது.

“செத்த நேரம் கண்ண மூடு கண்ணு. கொழந்தைய இங்க குடு, நான் பாத்துக்கறேன்.”

எதிர் இருக்கையில் யாரோ வயதான பெண்ணின் குரல். கம்பெனியில் தைத்த துணியின் நூல் பிசிறு வெட்டும் அம்மாக்களில் ஒருத்தியாக இருக்கும் என்று நினைத்தாள். இமையைப் பிரிக்க முடியவில்லை.

“எடுத்துக்கங்கம்மா,” என்றாள்.

மடி லேசானது.

எவ்வளவு நேரம் தூங்கினாளோ, குளிர்தான் எழுப்பியது. மே மாத மத்தியானத்தில் குளிர்.

மடியில் குழந்தை இல்லை.

எதிர் இருக்கையிலும் யாரும் இல்லை.

“பாப்பா!”

இருக்கைகளுக்கு நடுவே இருந்த மரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டே அடுத்த பகுதிக்குப் போனாள். கடைசி ஜன்னலோரம் ஜோதிகா இருந்தாள். பலகையின்மேல் அல்ல. பலகைக்கு ஒரு சாண் மேலே, எதிலோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். யாரோ ஆட்டித் தூங்கவைப்பதுபோல அவள் உடம்பு மெல்ல அசைந்தது.

“வா பாப்பா.”

“மாட்டேன். நீ போய்த் தூங்கு.”

இரண்டு கைகளாலும் பற்றி இழுத்தாள். ஏதோ ஒன்று மறுபக்கம் இழுத்தது. வெறியோடு அல்ல, பிள்ளைக்கு நோகக்கூடாதே என்ற பக்குவத்தோடு. பிறகு விட்டுவிட்டது. வீறிட்டு அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு அனுசுயா கீழே குதித்தாள்.

படியருகே பஞ்சாலைக் காவலாளி சென்னியப்பன் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க, உள்ள ஆராச்சும் கொழந்தையக் கேட்டாங்களா?”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“நீங்க குடுக்கலீங்கல்ல?”

“இல்லண்ணே.”

நடந்ததைச் சொல்லி முடிக்க உடம்பில் வலுவில்லை. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பெட்டியைப் பூட்டினார்.

அன்று பொழுது சாய்ந்ததுமே வீட்டுக் கதவைத் தாழிட்டு, குழந்தையின் பாவாடை நுனியைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டு படுத்தாள். விழித்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

கண் திறந்தபோது விடிந்திருந்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. முடிச்சு மட்டும் அவிழ்ந்திருந்தது. ஜோதிகா குளித்து, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு பாயில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஈரம் காயாத சாந்துப் பொட்டு. அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியில் ஆவி பறந்தது.

அலற வேண்டும் என்று அனுசுயாவுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.