அஞ்சுல ஒண்ணு சொல்லு

தண்ணீர் குடிக்கும்போதுகூடத் தங்கை சிரிப்பை விடவில்லை. கடைவாயின் இருபுறமும் தண்ணீர் வழிந்து புடவையை நனைத்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்னடி இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

"உன்னைப் பார்த்த சந்தோஷம்க்கா."

சந்தோஷம். அந்தச் சொல்தான் அக்காவுக்கு ஆகாது. மனநலம் எப்படி இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுக் குறிப்பது அவள் வேலை. சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் கூட வேலை பார்ப்பவளிடம் கெஞ்சி இந்த வீட்டைத் தன் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டாள். முதலில் தன்னிடம் சிரித்துப் பேசியவனைத்தான் தங்கை கட்டிக்கொண்டாள். அந்த வாழ்வில் ஒரு ஓட்டையாவது இருக்காதா? அதைத் தங்கை வாயாலேயே கேட்க வேண்டும்.

நடுப்பகலிலும் கூடம் இருண்டு கிடந்தது. தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் தரைவரை தொங்கிய கனத்த திரையிலிருந்து காயாத துணியின் வாடை வந்தது. காற்றே நுழையாத அந்த அறையில் அது மட்டும் மெல்ல உப்பி, மெல்ல அடங்கி, தூங்குகிறவரின் வயிறுபோல அசைந்துகொண்டிருந்தது.

"எப்பவும், அடிக்கடி, சில நேரம், எப்பவாவது, ஒருபோதும் இல்ல. அஞ்சுல ஒண்ணு சொல்லு. மனசு நிம்மதியா இருக்கா?"

"எப்பவும்."

"வீட்டுக்காரர் பாசமா இருக்காரா?"

"எப்பவும்."

பேனா அழுந்தித் தாள் கிழிந்தது.

"கொடுத்து வச்சவடி நீ." நாக்கு கசந்தது.

காதில் வாங்காமலே தலையாட்டுகிறவர்களைப் பிடிக்க, நடுவில் சில கேள்விகளைத் தலைகீழாக மாற்றிப் போட்டிருப்பார்கள்.

"வீட்டுல இருக்கப் பயமா இருக்கா?"

"எப்பவும்."

அதே சிரிப்பு. அதே குரல். விதிப்படி மறுபடி கேட்டாள்.

"நல்லா கேட்டுட்டுச் சொல்லுடி. பயமா இருக்கா?"

"எப்பவும்க்கா."

அக்காவின் நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது. கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போயிருக்கலாம். வாசல் பக்கத்தில்தான். ஆனால் இன்னும் கேட்க ஆசையாக இருந்தது.

"யாரோ உன்னைப் பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி தோணுதா?"

"எப்பவும்."

திரை உப்பியது. அடங்கவில்லை.

"உதவின்னு கூப்பிட்டா வர ஆள் இருக்கா?"

"நீ வந்துட்டியேக்கா."

தங்கையின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வாய் சிரித்தது.

எழுந்திருடி, போகலாம் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் தங்கை காத்திருந்தாள். அக்காவுக்கும் அது தெரிந்தது.

"அது பதில் இல்ல. அஞ்சுல ஒண்ணு சொல்லு."

தங்கையின் உதடு அசையவில்லை. பதில் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. தங்கையின் குரலிலேயே.

"ஒருபோதும் இல்ல."

அக்கா நிமிர்ந்தாள்.

தங்கையின் அவிழ்ந்த முடிக்குள்ளிருந்து இரண்டு விரல்கள். நீளமானவை. சாம்பல் நிறம். பக்கத்துக்கு ஒன்றாகக் கடைவாயில் கொக்கிபோல் மாட்டி, சிரிப்பை மேலே இழுத்துப் பிடித்திருந்தன. கண்ணீர் பட்டுப் பளபளத்தன.

ஒரு விரல் விலகியது. தங்கையின் பாதி வாய் தொங்கியது. அந்தப் பாதியிலிருந்து மூச்சாக வந்தது.

"ஓடிடுக்கா..."

அதற்குள் அக்காவின் கடைவாயில் ஏதோ சில்லிட்டது. உள்ளே நுழைந்தது. மேலே இழுத்தது.