அல்மாட்டி நேரம்

பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கிய மாரிச்செல்வத்தை முதலில் வரவேற்றது அவன் அக்கா மகன் மாதவன்தான். பத்தடி உயர ஃபிளெக்ஸில், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சிரித்துக்கொண்டு நின்றான். 'தாயகம் திரும்பும் டாக்டர் மாதவனே, வருக!' அதற்குக் கீழே, எறும்பு மட்டும் படிக்கக்கூடிய அளவில், 'இரண்டாம் ஆண்டு'.

ஆனி மாதத்துக் காற்று கரிசல் புழுதியை வாரி ரோட்டில் இறைத்துக்கொண்டிருந்தது. சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் ஒரு ஆடுகூட இல்லை. உச்சி நெருங்கினால் இந்த ஊரில் யாரும் வெளியே நடமாட மாட்டார்கள். கேட்கும் வெளியூர்க்காரர்களிடம், வெயிலுக்காக என்று சொல்லிவைப்பார்கள்.

மாரிச்செல்வம் அருப்புக்கோட்டையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அக்கா அனுசியா காலையிலேயே போன் போட்டிருந்தாள்.

"மாதவன் ஒரு மணி பஸ்ஸுக்கு வாரான். அதுக்கு முந்தி வந்து அந்த டேப்பைச் சரி பண்ணிக் குடுத்துரு. வாரது எம் புள்ள மட்டுமா இருக்கணும்டா."

கடைசியாகச் சொன்னது அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அக்கா குரலைத் தாழ்த்திப் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மச்சான் பொன்னுச்சாமியின் உரக்கடை, வீட்டின் முன்கட்டில் இருந்தது. யூரியா மூட்டைகளுக்கு மேலே சுவரில் இரண்டு மணி. ஒன்று சாதாரணக் கடிகாரம். மற்றது ஒரு பழைய டேப்லெட், வீட்டார் வாயில் டேப். அதைச் சட்டம் போட்டு அறைந்து, சந்தனம் குங்குமம் வைத்து, 'அல்மாட்டி நேரம்' என்று தலைப்பு எழுதியிருந்தார் மச்சான். மகனை கஜகஸ்தானுக்கு டாக்டர் படிக்க அனுப்பிய அன்று மாட்டியது. உரம் வாங்க வருகிற யாரும் அல்மாட்டியில் மணி என்ன என்று கேட்டதில்லை. அவர் சொல்லாமல் அனுப்பியதும் இல்லை.

போன வருஷம் மார்ச்சில் அந்த நாட்டு அரசாங்கம் அல்மாட்டிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தது. அந்த மாதிரிச் சேதி எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நாளில் போய்ச் சேராது. கம்ப்யூட்டருக்கு ஒரு வழி, புதுப் போனுக்கு ஒரு வழி. பழைய சாமானுக்கு, அதைச் செய்த கம்பெனி மனசு வைக்க வேண்டும். இந்த டேப்புக்கு ஒரு வருஷம் கழித்து மனசு வைத்தார்கள். திரையில் அனுமதி கேட்டு எழுத்து வந்தது. பொன்னுச்சாமி விரலை நீட்டியபோது ராகு காலம். 'பிறகு' என்பதை அமுக்கினார். அதற்குப் பிறகு அது வரவே இல்லை.

"டேப்பு மேல தப்பில்ல மாப்ள," என்றார் இப்போதும். "ஒரு நாடே மணியை மாத்திக்கிட்டுத் திரிஞ்சா நான் என்ன செய்ய?"

அனுசியா தம்பியை அடுப்படிக்கு இழுத்துப்போனாள்.

"மொதல்ல எல்லாம் மாதவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கூப்புடுவான். நமக்கு அது சரியா உச்சி. அவுக மணிய மாத்துன பொறகு, அதே சாப்பாட்டு நேரம் நமக்கு ஒரு மணியாயிருச்சு. எம் போனுக்கு ஒரு மணிக்குத்தான் கூப்புடுறான்."

"சரிதானக்கா."

"டேப்புக்கு இன்னமும் உச்சியிலதான் வருது."

"யாரு பேசுறா?"

"மாதவன் மொகந்தான். ரொட்டி தீஞ்சுபோச்சும்மாம்பான். ஒரு மணிக்கு எம் புள்ள கூப்பிட்டு அதையே புதுசா சொல்லுவான். ஒரு நாள் பனியில வழுக்கி விழுந்துட்டேன்னான். ஒரு மணிக்குப் பாக்குறேன், முழங்கையில ரத்தம் காயல."

"மச்சான் என்ன சொல்றாரு?"

"புள்ள ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பேசுறது பாசமாம்."

மாரிச்செல்வம் முதலில் சந்தேகப்பட்டது மச்சானை. ஊருக்குக் காட்ட மகன் பேச்சைப் பதிவு பண்ணி ஓட்டக்கூடிய மனுஷர்தான். அடுத்து எவனாவது மோசடிக்காரனா என்று பார்த்தான். டேப்பில் சிம் கிடையாது. வந்த அழைப்புகளின் வரிசை காலி. ஒரே ஒரு அழைப்புகூட வந்ததாகப் பதிவு இல்லை. வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். லேப்டாப்பில் கொண்டுவந்திருந்த புது நேரக்கணக்கை வயர் போட்டு ஏற்றத் தொடங்கினான். அது நகர்கிற வேகத்தில் நகர்ந்தது.

வெளியே காற்று நின்றது.

டேப் மணி அடித்தது.

மாரிச்செல்வம் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான்.

"எடுக்காதீக," என்றாள் அனுசியா. "உச்சியில மொதக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லப்படாது. மனுசன்னா மூணு தரம் கூப்புடுவான்."

"டாக்டரப் பெத்தவ பேசுற பேச்சாடி இது?" பொன்னுச்சாமி திரையைத் தட்டினார்.

மாதவன் முகம். அதற்குப் பின்னால் பஸ் இல்லை, அல்மாட்டி விடுதியும் இல்லை. இதே வீட்டின் பச்சைக் கதவு இருந்தது, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.

"அப்பா, வந்துட்டேன். வாசல்ல நிக்கிறேன். கதவத் தொறங்க."

"தொறந்துதான்யா கெடக்கு. உள்ள வா, உள்ள வா."

வீட்டு வாசல் கதவு கிறீச்சிட்டது.

யாரும் வரவில்லை.

சிமெண்டுத் தரையில் ஈரமாக ஒரு பூட்ஸ் தடம் விழுந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. ஐஸ்பெட்டியைத் திறந்தால் அடிக்கிற வாடை வந்தது. தடங்கள் மூன்று பேரையும் கடந்து மாதவனின் அறைக்குள் போயின. கதவு சாத்தியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

டேப் இருண்டு, மறுபடி எழுந்தது. அல்மாட்டி நேரம் ஒரு மணி பின்னுக்குப் போயிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்த சேதி, இன்னும் ஐந்து நிமிஷம் முந்தி வந்திருக்கலாம்.

மாரிச்செல்வம் வாசல் கதவை அடைத்துத் தாழிட்டான். அறைக்கதவைத் தோளால் முட்டிப் பார்த்தான். அசையவில்லை. டாக்டருக்காக வாங்கிய ஏசி இன்னும் பெட்டி பிரிக்காமல் கூடத்தில் கிடந்தது. ஆனாலும் கதவின் அடியிலிருந்து குளிர் வந்து கால் விரல்களைத் தொட்டது.

பொன்னுச்சாமி யூரியா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தெருவில் பெட்டிச் சக்கரம் உருண்டு வந்து வாசலில் நின்றது.

"அப்பா, வந்துட்டேன். வாசல்ல நிக்கிறேன். கதவத் தொறங்க."

அதே சொற்கள். அதே ஏற்ற இறக்கம். பொன்னுச்சாமி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, என்ன, யாரையும் காணோம்?"

அனுசியா இரண்டாவது விரலை மடக்கினாள்.

"மாமா செருப்பு கெடக்குல்ல. வெளையாடாதீகம்மா. அந்த ஃபிளெக்ஸப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கணும் நான்."

மூன்று.

அனுசியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு வருஷமாகப் பார்க்காத பிள்ளை. எழுந்து வாசலைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகியது.

"நீங்க இருங்கம்மா," என்றது மாதவனின் குரல், அறைக்குள்ளிருந்து. "யாருன்னு நான் போய்ப் பாக்குறேன்."