சந்தனம் இறக்கிவிட்ட கரை

ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. அதுதான் உடையப்பனுக்கு முதலில் உறுத்தியது. ஆள் இருக்கிற ஊர் என்றால் விடியப்போகிற நேரத்தில் ஒரு நாயாவது குரைக்க வேண்டும், சாண வாடையோ அடுப்புப் புகையோ காற்றில் கொஞ்சமாவது வர வேண்டும். இங்கே உப்புக் காற்றும், விரல் இடுக்கில் பிதுங்குகிற ஈர மணலும், இருட்டுக்குள் எங்கோ சளசளத்துக்கொண்டிருந்த தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை.

"இதான் இலங்கைக் கரையாடா?"

தோணியிலிருந்து சந்தனம் இறங்கவில்லை. "ஆமடா. நேரா நட, கடைத்தெரு வந்துரும். சத்தம் போடாத, போலீஸ் நிக்கும்."

"நீயும் ரெண்டு எட்டு கூட வாயேன்டா."

"விடியட்டும். எல்லாம் தெரியும்." கழி ஊன்றுகிற சத்தம் விலகிப் போயிற்று.

அறந்தாங்கிப் பக்கத்து மானாவாரி விவசாயி உடையப்பன். வெளுத்ததெல்லாம் பால் அவனுக்கு. மழை பொய்த்து மாடும் செத்த பிறகு, கள்ளத்தோணியில் கூட்டிப்போய்க் கொழும்புக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றான் சந்தனம். நிறைமாதக்காரி பெண்டாட்டி செவந்தி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "அந்தாளு முழியே சரியில்லங்க. போகாதீங்க." ஒரே சட்டியில் கஞ்சி குடித்து வளர்ந்த கூட்டாளியைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே என்று அவளைத்தான் ஏசினான், பாவி மனிதன். அவள் கம்மலையும் கழற்றி வாங்கிச் சந்தனத்திடம் கொடுத்துவிட்டு மணமேல்குடியில் தோணி ஏறினான்.

நேராக நடந்தான். தண்ணீர் காலைத் தொட்டது. திரும்பி அந்தப் பக்கம் நடந்தான். அங்கேயும் தண்ணீர். கிழக்கு மெல்ல வெளுத்தபோது பார்த்தால், ஊரும் இல்லை, ஒரு தென்னைமரமும் இல்லை. நாலு பக்கமும் கடல், நடுவே நெற்களம் அகலத்துக்கு ஒரு மணல் திட்டு, அதுவும் பார்க்கப் பார்க்கச் சுருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதும் அவனுக்குப் புத்தி வரவில்லையே! இருட்டில் திசை தப்பியிருக்கும், தெரிந்ததும் சந்தனம் பதறி ஓடிவருவான் என்றே நினைத்தான். தோணி இன்னும் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. துண்டை அவிழ்த்து வீசினான்.

சந்தனம் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து தோணியின் பாய்மரப் பாயை விரித்தான்.

"அடேய்! அவ புள்ளத்தாச்சிடா! தனியாக் கெடக்காடா!"

தொண்டை கிழியக் கத்தினான். கெஞ்சினான். தோணி சிறுத்துப் போயிற்று.

முழங்கால் தண்ணீர். இடுப்பு. நீந்தத் தெரியாது.

அப்போதுதான் தலைகள் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி, கழுத்தளவு தண்ணீரில், பத்துப் பன்னிரண்டு பேர். வலை இழுக்கிறவர்கள்! உயிர் வந்தது அவனுக்கு.

"அண்ணே! காப்பாத்துங்கண்ணே!"

ஒருவரும் அசையவில்லை. எல்லார் தலையிலும் ஒரு துணிமூட்டை. எல்லார் முகமும் தோணி போன திசையில். ஒரு பெரிய அலை வந்து அவர்களை மூடியது. வடிந்தது. யாரும் மூச்சுக்குத் தவிக்கவில்லை. யாரும் இமைக்கவில்லை. இமையே இல்லை.

தண்ணீர் அவன் நெஞ்சுக்கு ஏறியது.

அருகிலிருந்த பெரியவர் மெதுவாகத் திரும்பினார். மீன் கொத்திய உதடு.

"கத்தாதீங்க தம்பி," என்றார் தன்மையாக. "சந்தனம் நல்ல பய. இப்ப வந்துருவான்."

சொல்லிவிட்டு, மூட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டு, ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு நகர்ந்து இடம் விட்டார்.