சொல்லக்கூடாத சர்க்கரை!

"கொலைகாரி! உன் ஊசிதான்டி என் மருமகளைக் கொன்னுச்சு!"

"வாயை அடக்கிப் பேசுங்கம்மா! நான் டாக்டர்!"

"டாக்டரா? எமன் வந்தாக்கூட கதவைத் தட்டிட்டு வருவான்!"

கிர்கிஸ் நாட்டு டோக்மோக் நகரத்தின் அந்த முற்றத்தில் பாதித் தெரு கூடியிருந்தது. மீதித் தெரு மதில் மேல் இருந்தது.

நடுவே சாவுக்குப் போட்ட கம்பளிக் கூடாரம். உள்ளே ஜெய்னாப்பின் உடல். வயிற்றில் எட்டு மாதக் குழந்தை. அதுவும் போய்விட்டது.

டாக்டர் ரஷீதா மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போலீஸ் கேப்டன் எசென். அவர் சட்டைப்பையில் விலங்கு லேசாகக் கிலுங்கியது.

"டாக்டரம்மா, பிரேதப் பரிசோதனை முடிஞ்சாச்சு. பொண்ணுக்கு சர்க்கரை வியாதியே இல்ல. ஆனா உடம்பு பூரா இன்சுலின். எழுதிக் கொடுத்தது நீங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க வக்கீலைக் கூப்பிட்டுக்கங்க."

"டெஸ்ட் பண்ணித்தானே எழுதினேன் கேப்டன்! க்ளூகோஸ் கரைசலைக் குடிக்க வச்சு, ரத்தம் எடுத்து... அளவு எகிறிப்போய் இருந்தது!"

"வேற யார் ரத்தத்தையாவது மாத்திட்டீங்களா?"

"என் கண் முன்னாடி எடுத்தது!"

ரஷீதாவின் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணி வந்தால், சர்க்கரை வருமா என்று முடிவு செய்ய முதலில் இனம் பார்ப்பார். டுங்கானா? உய்கூரா? உஸ்பெக்கா? உட்கார், கரைசல் குடி. கிர்கிஸ் பெண்ணா? குதிரை ஏறும் ஜாதி, உனக்கு எதற்கு... போய் வா!

ஜெய்னாப் டுங்கான் வீட்டுப் பெண். கிர்கிஸ் வீட்டு மருமகள். அதனால் சீட்டில் பெயரைப் பார்த்ததுமே ரஷீதா பாதி முடிவுக்கு வந்திருந்தார்.

மாமியார் உம்சுனாய் மறுபடி பாய்ந்தாள்.

"என் மருமகளுக்கு அந்த... அந்த வெள்ளை வியாதின்னு எழுதினியே, உன் கை அழுகாது?"

"வெள்ளை வியாதியா? நான் எழுதினது சர்க்கரை!"

"அதைத்தான் சொல்றேன். வெள்ளை!"

"அது என்ன வெள்ளை? நேராச் சொல்லுங்களேன்!"

மதில் மேல் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எழவு வீடு என்பது ஞாபகம் வந்து உடனே அழுதாள்.

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். "அவங்க சொல்ல மாட்டாங்க டாக்டரம்மா. இந்தம்மாவோட செத்துப்போன வீட்டுக்காரர் பேரு ஷெகெர்பெக்."

ஷெகெர் என்றால் சர்க்கரை. கிர்கிஸ் வீட்டில் கணவன் பெயரையோ மாமனார் பெயரையோ பெண்ணானவள் வாயால் சொல்லலாமா? அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிற வார்த்தையைக்கூடச் சொல்லக்கூடாது. ஆள் செத்து மண்ணுக்குள் போனாலும் கூடாது!

"ஜெய்னாப்பும் அப்படித்தானா?" ரஷீதாவின் குரல் மாறியது.

"என்ன கேள்வி இது?" உம்சுனாய் மூக்கைச் சிந்தினாள். "வேத்து இனத்துப் பொண்ணுன்னாலும் தங்கம். கடைக்காரன்கிட்ட கூட 'ஒரு கிலோ வெள்ளை'ன்னுதான் கேப்பா. ஒரு நாள் மாவைக் கட்டிக் கொடுத்துட்டான்!"

ரஷீதா டெஸ்ட் எடுத்த நாளை நினைத்துப் பார்த்தார்.

அன்றைக்கு வந்தவள்... முகக்கவசம், முக்காடு, மேடிட்ட வயிறு. அவள் என்ன கேட்டாள்?

'டாக்டர், என் ஷெகெர் எவ்வளவு? ஷெகெர் ரொம்ப ஜாஸ்தியா?'

ஒரு தடவையா... மூன்று தடவை! ருசித்து ருசித்து!

"கேப்டன்!" ரஷீதா கத்தினார். "என்கிட்ட வந்தவ இந்த வீட்டு மருமகளே இல்ல!"

"அப்ப யாரு?"

"இந்த வீட்டுல அந்த வார்த்தையைச் சொல்லலாம்னு இருக்கறவ யாரு?"

கேப்டன் மெல்லத் திரும்பி, டீக் கொதிகலன் பக்கம் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். உம்சுனாயின் மகள். ஜெய்னாப்பின் நாத்தனார் ஜூரா.

"தங்கச்சி, ஒரு டீ கிடைக்குமா? இனிப்பா."

ஜூரா நிமிராமலே கேட்டாள்.

"எத்தனை ஸ்பூன் ஷெகெர்?"

ரஷீதா ஜூராவை நோக்கி விரலை நீட்டினார்.

"இதே குரல்... இவதான் கேப்டன்!"

"அப்பா பேரு அது. மக நான் சொல்லலாம். சொன்னா கொலைகாரியா?" ஜூரா அலட்டிக்கொள்ளவில்லை.

"இல்லம்மா." கேப்டன் கனிவாகச் சொன்னார். "டாக்டரம்மா, பைல அந்த விரல்ல குத்துற மெஷின் இருக்கா?"

இருந்தது.

ஜூரா ஒரு கணம் தயங்கினாள். பிறகு தானாகவே கையை நீட்டினாள். ஒரு துளி ரத்தம்.

எண் எகிறியது!

"இப்பவாவது என் பேர்ல டெஸ்ட் பண்ணியே டாக்டர்!" ஜூரா சிரித்தாள். "என்னை ஞாபகம் இருக்கா?"

"இ... இல்லையே..."

"போன வருஷம், மாசமா இருந்தப்ப. தலை சுத்துது, தாகம் அடங்கலைன்னு வந்தேன். 'கிர்கிஸ் தானே? உனக்கு வேணாம் போ'ன்னே. வயிறு பெருசா இருக்கேன்னேன். 'வீரன் பொறக்கப் போறான்'னே. ஊரே கொண்டாடுச்சு. அஞ்சரைக் கிலோ வீரன்... மூச்சே விடாம பொறந்தான்."

மதில் மேல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள்.

"அதுக்கு ஜெய்னாப் என்னடி பண்ணினா?" உம்சுனாய் அலறினாள்.

"அவ மேல எனக்கென்னம்மா கோபம்? நல்ல பொண்ணு. லக்மான் நூடுல்ஸ் அருமையாச் செய்வா. கரைசல் குடிச்சா குமட்டுதுன்னு அழுதா. நீ படு, உனக்குப் பதிலா நான் போறேன்னேன். நன்றி அண்ணின்னு சொல்லி, வயித்துல தலையணையைக் கட்டிவிட்டதே அவதான். டாக்டர் எழுதின மருந்தை நானே போட்டேன். இரும்புச் சத்து ஊசின்னேன். சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினா."

"அடிப்பாவி... ஏன்டி?"

"இந்த டாக்டரைக் கொன்னா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்மா. இவ கையெழுத்தே ஒருத்தியைக் கொன்னுச்சுன்னு ஊர் பேசணும். ஜெயில்ல கெடந்து சாகணும்." ரஷீதாவின் பக்கம் திரும்பினாள். "ஒரே ஒரு தடவை முக்காட்டை விலக்கி என் முகத்தைப் பாத்திருந்தா மாட்டியிருப்பேன். நீ பேரைத்தானே பாத்தே!"

விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

ரஷீதாவின் கையில் அல்ல. ஆனால் நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை.

பிறகா? ஜூரா சிறையில். அங்கே வேளை தவறாமல் ரத்தம் பார்த்து ஊசி போடுகிறார்களாம், இனம் கேட்காமல். ரஷீதா மூட்டை கட்டிக்கொண்டு தூரத்துக் கசான் நகரத்துக்குப் போய்விட்டார். பல் டாக்டருக்குப் படிக்கிறாராம். பல்லுக்கு இனம் கிடையாதே! எசென் கேப்டன், மதில் மேல் சிரித்தாளே, அவளையே கல்யாணம் செய்துகொண்டார்.

ஜெய்னாப்பின் புருஷன் குபாத் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. தலாஸ் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

புது மருமகள் கெட்டிக்காரி. டீயில் உப்புத்தான் போட்டுக் குடிக்கிறாள்!